மழைக்காலத்தில் மாலிப்டினம் டைசல்பைடு டிரான்சிஸ்டர்: ஹிஸ்டெரிசிஸ் 28 வோல்ட், கேட் லீக்கேஜ் 11 நானோஆம்பியர். கோளாறு பொருளிலா, காற்றிலா?

மீனா_கொழிஞ்சாம்பாறை:

எல்லோருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வு செய்கிறேன். ஆற்றல் சிக்கனமான டிரான்சிஸ்டருக்கு இரு பரிமாணப் பொருள்கள் (ஓரிரு அணு அடுக்கே தடிமன் உள்ளவை) என்பது தலைப்பு. சாதனத்தின் விவரத்தை முழுதாகவே தருகிறேன், அப்போதுதான் உங்களுக்குப் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.

வேஃபர்: அதிக டோப்பிங் உள்ள பி-வகை சிலிக்கான் (இதுவே கேட்), மேலே 300 நானோமீட்டர் தெர்மல் ஆக்சைடு. அதன் மேலேயே 780 டிகிரியில் சி.வி.டி. முறையில் (ஆவிகளை வினைபுரிய வைத்துப் படலமாக்குவது) மாலிப்டினம் டைசல்பைடு வளர்த்தது. மாலிப்டினம் ட்ரைஆக்சைடோடு சிறிது சோடியம் குளோரைடு கலந்து, கந்தகத்தைத் தனியே சூடாக்கி அனுப்பினோம். முக்கோணங்கள் 50 மைக்ரோமீட்டர் வரை வந்திருக்கின்றன. ராமன் நிறமாலையில் உச்சிகள் 384, 404 செ.மீ.⁻¹; இடைவெளி 20. ஒற்றை அடுக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

காண்டாக்ட்: லித்தோகிராஃபி (நுண்வடிவம் வரையும்) வசதி இல்லை. 20 மைக்ரோமீட்டர் டங்ஸ்டன் கம்பியை முக்கோணத்தின் குறுக்கே மறைப்பாக வைத்து, குரோமியம் 5, தங்கம் 50 நானோமீட்டர் தெர்மல் எவாப்பரேட்டரில் படிய வைத்தோம். கம்பியின் இருபுறமும் 5 மி.மீ.க்கு 4 மி.மீ. அளவில் ஒவ்வொரு பேட் (புரோப் முனை வைக்கும் உலோகப் பரப்பு). கம்பிக்கடியில் வந்த மற்ற முக்கோணங்களை ஊசியால் கீறி எடுத்துவிட்டேன். சேனல் நீளம் 20, அகலம் சுமார் 30 மைக்ரோமீட்டர்.

அளந்தது: திறந்த புரோப் ஸ்டேஷன், இருட்டில். டிரெயினில் 1 வோல்ட். கேட் −60 முதல் +60 வரை போய்த் திரும்பும், வினாடிக்கு 2 வோல்ட். அறையின் ஈரப்பதம் இப்போது 80-க்குக் கீழே இறங்குவதே இல்லை.

வந்தது: ஆன் கரண்ட் 1.5 மைக்ரோஆம்பியர். ஆஃப் கரண்ட் 5 நானோஆம்பியருக்குக் கீழே போகவில்லை. கேட் கரண்ட் போகும்போது +11, திரும்பும்போது −7 நானோஆம்பியர். ஹிஸ்டெரிசிஸ் (போகும் வளைவுக்கும் திரும்பும் வளைவுக்கும் உள்ள இடைவெளி) 28 வோல்ட், மழை விடாத நாளில் இன்னும் கூடுகிறது. சப்த்ரெஷோல்டு ஸ்விங், அதாவது கரண்ட் ஒரு டிகேடு (பத்து மடங்கு) மாறத் தேவையான கேட் வோல்டேஜ், 5 வோல்ட்.

பொருளே மோசமா, காற்றின் வேலையா? இதை வைத்து ஆற்றல் சிக்கனம் பற்றி ஏதாவது எழுத முடியுமா? கையில் இருப்பவை எவாப்பரேட்டர், ரோட்டரி பம்பு, ஹாட் பிளேட், டெசிகேட்டர் (ஈரம் உறிஞ்சும் பெட்டி), ஒரு ஜோடி கீத்லி 2400 (வோல்டேஜ் கொடுத்துக் கரண்ட் அளக்கும் மீட்டர்).

செந்தில்_வாளையார்:

விவரம் முழுசா கொடுத்ததுக்கு நன்றிங்க மீனா. கேட் கரண்டை போகும்போதும் வரும்போதும் தனித்தனியா சொன்னீங்களே, விடை அதுலயே இருக்கு.

அந்த 11 நானோஆம்பியரில் பெரும்பகுதி லீக்கேஜே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்க. 300 நானோமீட்டர் ஆக்சைடுக்குக் கொள்ளளவு சதுர செ.மீ.க்கு 11.5 நானோஃபாரட். உங்க ரெண்டு பேடும் சேர்ந்து 0.4 சதுர செ.மீ., அதாவது 4.6 நானோஃபாரட் கெப்பாசிட்டர். அதுமேல வினாடிக்கு 2 வோல்ட் ஏத்தினா 9.2 நானோஆம்பியர் ஓடியே தீரும். அது சார்ஜிங் கரண்ட். ஸ்வீப் திசை மாறினா குறியும் மாறும். நீங்க அளந்த +11-க்கும் −7-க்கும் வித்தியாசத்தில் பாதி 9, கூட்டுத்தொகையில் பாதி 2. ஆக நிஜ லீக்கேஜ் 2 நானோஆம்பியர்தான்.

டிரெயின் பேட் மட்டும் 0.2 சதுர செ.மீ.; அதில் 4.6 நானோஆம்பியர். உங்க ஆஃப் கரண்ட் 5-க்குக் கீழே போகாம நின்னதுக்கு இதுதான் காரணம். ஆன்-ஆஃப் விகிதம் 300-ன்னு எழுதிடாதீங்க, அது பேடோட எண், டைசல்பைடோடது இல்லை. ஸ்விங் 5 வோல்ட்டையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம், ஏன்னா அடியில் இருக்கிற நாலஞ்சு டிகேடு தெரியாமலே போயிருக்கு.

சரிபார்க்க எளிய வழி: வினாடிக்கு 0.2 வோல்ட்டா குறைச்சு ஓட்டுங்க. சார்ஜிங் பத்தில் ஒண்ணாகும், நிஜ லீக்கேஜ் அப்படியே நிக்கும்.

தீர்வு, பேடைச் சின்னதாக்கறது. கம்பிக்குப் பதிலா எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பு ஆளுங்க பயன்படுத்தற செப்பு கிரிட் 300 மெஷ் வாங்குங்க. ஒரு கட்டத்துக்கும் அடுத்ததுக்கும் 85 மைக்ரோமீட்டர், ஓட்டை சுமார் 54, நடுவில் இருக்கிற பட்டை சுமார் 31. பட்டைதான் சேனல், பக்கத்து ஓட்டை ரெண்டும் சோர்ஸ், டிரெயின். 50 மைக்ரோமீட்டர் முக்கோணத்துக்கு ரெண்டு பக்கமும் சுமார் ஒன்பது மைக்ரோமீட்டர் காண்டாக்ட் கிடைக்கும். பேட் கெப்பாசிட்டர் 0.3 பிக்கோஃபாரட்டா இறங்கிடும். சார்ஜிங் ஒரு பிக்கோஆம்பியருக்கும் கீழே. அதுக்கப்புறம் 2400-ஓட 10 பிக்கோஆம்பியர் ரெசல்யூஷன்தான் உங்க தரை. கிரிட்டை ஆக்சைடோட ஒட்டி உட்கார வைங்க. மூலைகளில் கேப்டன் டேப் (சூடு தாங்கற ஒட்டு நாடா) போதும். இடைவெளி விழுந்தா உலோகம் பட்டைக்கு அடியில் பரவி, சேனல் நீளம் எவ்வளவுன்னே தெரியாமப் போயிடும்.

மீதி 2 நானோஆம்பியருக்கு மூணு இடம் பாருங்க. ஊசியால் கீறின இடம் ஒண்ணு. ஆக்சைடு அங்கே உடைஞ்சு, மேல தங்கம் விழுந்திருந்தா நேரா கேட்டுக்கு வழி. இனி கீறறதுன்னா உலோகம் படிஞ்ச பிறகு, பேடை விட்டுத் தள்ளி. ரெண்டாவது, சில்லு ஓரம். வெட்டின பக்கவாட்டில் ஆக்சைடு கிடையாது, ஈரம் அங்கே படலமா ஒட்டி மேலிருந்து அடிக்குக் கரண்ட் கடத்தும். பேடை ஓரத்திலிருந்து 2 மி.மீ. உள்ளே வைங்க. மூணாவது, புரோப் முனை. 50 நானோமீட்டர் தங்கம் மெத்துன்னு இருக்கும், அழுத்தினா முனை ஆக்சைடையும் குத்தும்.

இன்னொண்ணு. தெர்மல் ஆக்சைடு வேஃபருக்கு முதுகுப் பக்கமும் ஆக்சைடு இருக்கும். வைரமுனையால் நல்லா சுரண்டி, உடனே சில்வர் பேஸ்ட் வச்சு செப்பு டேப்பில் ஒட்டினீங்களா? இல்லைன்னா கேட் வோல்டேஜ் ரெண்டு கெப்பாசிட்டருக்கு நடுவில் பங்காகும்.

ஜோதி_நெம்மாறை:

செந்தில் அண்ணா லீக்கேஜை முடித்துவிட்டார். நான் ஹிஸ்டெரிசிஸுக்கு வருகிறேன்.

முதல் கேள்வி: எந்தத் திசையில்? கேட் மேலே போகும்போது கரண்ட் அதிகம், திரும்பும்போது குறைவு என்றால் கடிகாரச் சுற்று. எலக்ட்ரான்கள் எங்கோ சிக்கிக்கொண்டு த்ரெஷோல்டை (டிரான்சிஸ்டர் திறக்கும் கேட் வோல்டேஜை) வலப்பக்கம் தள்ளுகின்றன. தண்ணீரும் ஆக்சிஜனும் டைசல்பைடின் மேல் ஒட்டினால் இதுதான் நடக்கும். ஈரப்பதமும் வெளிச்சமும் ஒற்றை அடுக்கில் ஹிஸ்டெரிசிஸைக் கூட்டும் என்பதை 2012-லேயே சி.என்.ஆர். ராவ் உள்ளிட்ட குழு காட்டிவிட்டது. எதிர்ச்சுற்று வந்தால் வேறு காரணம், அதைக் கீழே சொல்கிறேன்.

நம் ஊர் மழைக்கு ஒரு தனிக் கண்ணி உண்டு. வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் பனிநிலை 26 டிகிரி. 22 டிகிரி ஏ.சி. அறையிலிருந்து சில்லை எடுத்து வராந்தா வழியாக வேறு அறைக்குக் கொண்டுபோனால் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் படியும். பெட்டியை மூடிய நிலையிலேயே கொண்டுபோய், புது அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை கால் மணி நேரம் விட்டுத் திறக்க வேண்டும். டெசிகேட்டரில் சிலிக்கா ஜெல் நீலம் மங்கி இளஞ்சிவப்பாகிவிட்டால் அது ஈரத்தை எடுக்காது. 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வைத்து மீட்டுக்கொள்ளலாம்.

எவாப்பரேட்டரும் இதே ஈரத்தைக் குடிக்கும். அறையின் காற்றை விட்டுத் திறந்தால் சுவர் முழுக்க நீர் ஒட்டும். பிறகு அழுத்தம் இறங்கினாலும் மிச்சமிருப்பது பெரும்பாலும் நீராவிதான். குரோமியம், டைட்டானியம் இரண்டும் அதைப் பிடித்து ஆக்சைடாகிக்கொண்டே படியும். காண்டாக்ட் தடை ஏறும். உலர் நைட்ரஜன் விட்டுத் திறங்கள், திறந்திருக்கும் நேரத்தைச் சுருக்குங்கள். 10⁻⁶ மில்லிபாருக்குள் இறங்கிய பிறகே ஷட்டரைத் திறங்கள்.

இப்போது சோதனை. மேலே ஒரு கண்ணாடிக் கிண்ணியைக் கவிழ்த்து, 99.999 சதவீத நைட்ரஜனை மெதுவாக விட்டு, அரை மணி கழித்து அளங்கள். பிறகு நைட்ரஜனிலேயே அடித்தட்டை 90 டிகிரிக்குச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே அளங்கள். ஸ்வீப் வேகம் மூன்று முறையும் ஒன்றாகவே இருக்கட்டும். வேகம் மாறினால் ஹிஸ்டெரிசிஸ் எண்ணும் மாறும், ஒப்பிடவே முடியாது.

90 டிகிரி எதற்கு என்றால், உங்கள் குறிப்பில் எனக்கு உறுத்துவது உப்புதான். சோடியம் குளோரைடு சேர்த்து 780 டிகிரியில் வளர்த்திருக்கிறீர்கள். சோடியம் அயனி அந்தச் சூட்டில் ஆக்சைடுக்குள் இறங்கும். சாதாரண வெப்பநிலையில் மெல்லத்தான் நகரும், சூட்டில் ஓடும். கேட் பாசிட்டிவ் ஆனால் சேனலை நோக்கி வந்து கூடுதல் எலக்ட்ரான்களை இழுக்கும், அதனால் திரும்பும்போது கரண்ட் கூடும். எதிர்ச்சுற்று. 90 டிகிரியில் சுற்று திசை மாறினால் ஆக்சைடில் சோடியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இந்த எதிர்ச்சுற்றை ஃபெரோஎலக்ட்ரிக் என்றோ நினைவகச் சாதனம் என்றோ எழுதிவிடும் அபாயம் உண்டு. தயவுசெய்து கவனம்.

மீனா_கொழிஞ்சாம்பாறை:

செந்தில் அண்ணா, ஜோதி அக்கா, இருவருக்கும் நன்றி. சொன்னபடி அளந்தேன்.

வேகத்தைப் பத்தில் ஒன்றாக்கியதும் கேட் கரண்ட் +3, +1 என்று ஆனது. ஆக 2 நிஜம்தான். பேடை ஓரத்திலிருந்து விலக்கி, கீறாமல் செய்த சில்லில் அதுவும் காணாமல் போனது.

ஹிஸ்டெரிசிஸ், வினாடிக்கு 2 வோல்ட்டில்: திறந்த காற்றில் 28, கடிகாரச் சுற்று. நைட்ரஜனில் 16, அதே சுற்று. 90 டிகிரியில் எதிர்ச்சுற்று, 9 வோல்ட். குளிர்ந்ததும் மறுபடி கடிகாரச் சுற்று, 11 வோல்ட்.

ரோட்டரி பம்பில் 150 டிகிரி, இரண்டு மணி நேரம் சூடாக்கலாமா? முதுகுப் பக்கம் சுரண்டித்தான் ஒட்டினேன்.

ஜோதி_நெம்மாறை:

சோடியம்தான். தண்ணீரின் பங்கு பாதிக்கு மேல் இருந்தது, அது நைட்ரஜனிலும் சூட்டிலும் போய்விட்டது. அடியில் அயனி இருக்கிறது, அதை எந்த அனீலிங்கும் (சூடாக்கிப் பதப்படுத்துவதும்) எடுக்காது. டைசல்பைடை இந்த வேஃபரிலிருந்து பெயர்த்து, உப்புப் படாத வேறு ஆக்சைடுக்கு மாற்றுவதே வழி. இந்த வேஃபர் டைசல்பைடை வளர்ப்பதற்கு மட்டும், சாதனம் வேறிடத்தில்.

வெறும் ரோட்டரி பம்பில் சூடாக்க வேண்டாம். எண்ணெய் ஆவி பின்னோக்கி வந்து டைசல்பைடின் மேல் படியும், ஒட்டிய தண்ணீரை எடுத்துவிட்டு எண்ணெய் பூசிய கதையாகிவிடும். எவாப்பரேட்டர் சேம்பரிலேயே உயர் வெற்றிடத்தில் அடித்தட்டைச் சூடாக்குங்கள். அது முடியாவிட்டால் ஓடும் நைட்ரஜனில் 120 டிகிரியே மேல். திறந்த காற்றில் 200-ஐத் தாண்டவே கூடாது. 300-ஐ நெருங்கினால் டைசல்பைடு ஓரத்திலிருந்து ஆக்சைடாகத் தொடங்கும்.

ரபீக்_சித்தூர்:

மீனாவின் இரண்டாவது கேள்விக்கு யாரும் வரவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவதே அதுதான். இந்த அமைப்பை வைத்து ஆற்றல் சிக்கனம் என்று எழுத முடியாது. பொருள் நன்றாக இருந்தாலும் முடியாது.

அறை வெப்பநிலையில் சாதாரண டிரான்சிஸ்டரின் ஸ்விங் டிகேடுக்கு 60 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போகாது. அதைப் பெருக்குவது, இடைமுகக் குறைகளின் கொள்ளளவை ஆக்சைடின் கொள்ளளவால் வகுத்து ஒன்று கூட்டியது. உங்கள் 5 வோல்ட்டை ஒரு பேச்சுக்கு அப்படியே வைத்துக்கொண்டால் அந்தப் பெருக்கி 84. ஆக்சைடு 11.5 நானோஃபாரட், எனவே குறைகள் 0.95 மைக்ரோஃபாரட், அதாவது சதுர செ.மீ.க்கு ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்கு 6 லட்சம் கோடி. பயங்கரமாகத் தெரிந்தாலும் சி.வி.டி. டைசல்பைடுக்கு இது அசாதாரணம் அல்ல.

இதே டைசல்பைடை, இதே குறைகளோடு, 10 நானோமீட்டர் அலுமினியம் ஆக்சைடில் வையுங்கள். கொள்ளளவு 0.71 மைக்ரோஃபாரட், பெருக்கி 2.35, ஸ்விங் 140 மில்லிவோல்ட். நாலு டிகேடு திறந்து மூட 20 வோல்ட் கேட்ட சாதனத்துக்கு 0.56 வோல்ட் போதும். ஒரு முறை ஏற்றி இறக்கும் ஆற்றல், கொள்ளளவு பெருக்கல் வோல்டேஜின் வர்க்கம்: முன்னது சதுர செ.மீ.க்கு 4.6 மைக்ரோஜூல், பின்னது 0.22. பொருளில் ஒரு அணுவைக்கூட மாற்றாமல் 20 மடங்கு குறைகிறது. அப்படியென்றால் 300 நானோமீட்டரில் அளந்த ஸ்விங், டைசல்பைடைப் பற்றிச் சொல்வதைவிட ஆக்சைடின் தடிமனைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

இப்படி மெல்லிய ஆக்சைடை அணு அடுக்காகப் படிய வைக்கும் ஏ.எல்.டி. எந்திரம் இல்லையே என்று நிற்க வேண்டாம். அலுமினியத்தை ஆனோடைஸ் செய்யலாம் (கரைசலில் மின்சாரம் செலுத்தி மேற்பரப்பை ஆக்சைடாக்குவது), உங்களிடம் இருப்பதே போதும். கண்ணாடித் தகட்டில் 100 நானோமீட்டர் அலுமினியம் பட்டையாகப் படிய வையுங்கள். வினாடிக்கு 1 நானோமீட்டருக்குக் குறையாத வேகம், இல்லாவிட்டால் பரப்பு சொரசொரப்பாகும். 0.01 மோலார் சிட்ரிக் அமிலம், எதிர்முனை பிளாட்டினம். அலுமினியம் பாசிட்டிவ். முதலில் கரண்டைச் சதுர செ.மீ.க்கு அரை மில்லிஆம்பியரில் கட்டி 8 வோல்ட் வரை ஏற விடுங்கள், பிறகு வோல்டேஜைப் பிடித்து வைத்து கரண்ட் நூறில் ஒன்றாக இறங்கும்வரை காத்திருங்கள். ஒரு வோல்ட்டுக்கு சுமார் 1.3 நானோமீட்டர் வளரும். 8 வோல்ட்டுக்குப் பத்துக்குச் சற்று மேல். கழுவி, 150 டிகிரியில் அரை மணி உலர்த்துங்கள்.

இங்கே கெடுவது இரண்டு. உப்பு, குழாய்த் தண்ணீர், வெறும் விரல் எது பட்டாலும் குளோரைடு அலுமினியத்தில் குழி பறிக்கும். டீஅயனைஸ்டு தண்ணீரும் கையுறையும் கட்டாயம். பட்டையின் விளிம்பில் ஆக்சைடு மெலிந்திருக்கும், டைசல்பைடையோ பேடையோ அந்த விளிம்பைத் தாண்டி வைத்தால் லீக்கேஜ் அங்கேதான். அளக்கும்போது ±3 வோல்ட்டுக்குள் இருங்கள். இந்த ஆக்சைடு அலுமினியம் நெகட்டிவ் ஆகும்போது சீக்கிரம் ஒழுகும்.

செந்தில்_வாளையார்:

ரபீக் பாய் சொன்னதோட சேத்து டிரான்ஸ்ஃபர், அதாவது டைசல்பைடைப் பெயர்த்து மாத்தறது பத்தி ஒரு எச்சரிக்கை. வழக்கமா பி.எம்.எம்.ஏ.ங்கிற பாலிமரைப் பூசி சூடான பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் மிதக்க விடுவாங்க. இங்கே அது வேண்டாம். சோடியத்தை விட்டு ஓடி பொட்டாசியத்தில் விழற மாதிரி ஆயிடும், மிச்சம் ஒட்டியிருந்தா அலுமினியம் ஆக்சைடையும் அரிக்கும்.

பாலிஸ்டைரீன் வழி பாருங்க. டொலுவீனில் மில்லிலிட்டருக்கு 90 மில்லிகிராம் கரைச்சு, 3000 ஆர்.பி.எம்.-இல் பூசி, 85 டிகிரியில் கால் மணி நேரம். ஓரத்தை பிளேடால் சுரண்டி, ஒரு சொட்டு டீஅயனைஸ்டு தண்ணீரை அந்த விளிம்பில் வைங்க. பாலிஸ்டைரீனும் டைசல்பைடும் தண்ணியை ஒதுக்கும், ஆக்சைடு இழுக்கும். தண்ணி நடுவில் புகுந்து படலத்தைத் தூக்கிடும். பிடிவாதமா ஒட்டியிருந்தா விளிம்பை ஊசியால் லேசா நெம்பி இன்னொரு சொட்டு. படலத்தைச் சுத்தத் தண்ணியில் மூணு தடவை மிதக்க விட்டு மாத்துங்க, மேலே ஒட்டின உப்பு அங்கேதான் போகும். புது ஆக்சைடில் உட்கார வச்சு, முதல்ல 80 டிகிரியில் ஒரு மணி, அப்புறம் 150-இல் அரை மணி. நேரா 150-க்குப் போனா அடியில் இருக்கிற தண்ணி கொதிச்சு படலம் கொப்புளிச்சுக் கிழியும். கடைசியா டொலுவீனில் பாலிஸ்டைரீனைக் கரைச்சு எடுங்க. அல்ட்ராசோனிக் கூடவே கூடாது.

காண்டாக்ட்டுக்கு குரோமியத்தை விட்டு பிஸ்மத்தை முயற்சி பண்ணலாம். 2021-இல் ஒற்றை அடுக்கு டைசல்பைடில் 123 ஓம் மைக்ரோமீட்டர் காண்டாக்ட் தடை காட்டினது அதுதான். உருகுநிலை 271 டிகிரி, உங்க எவாப்பரேட்டரில் சாதாரண போட்டிலேயே (உலோகத்தை வச்சு சூடாக்கற சின்னத் தொட்டி) ஏறும். 20 நானோமீட்டர் பிஸ்மத், வெற்றிடம் உடைக்காம மேலே 30 தங்கம். அதுக்கப்புறம் சில்லை 150-க்கு மேல சூடாக்காதீங்க. சேம்பர் பொதுவுல இருக்கிறதுன்னா பிஸ்மத்துக்குத் தனி போட்டும் ஷீல்டுக்கு அலுமினிய ஃபாயிலும் போடுங்க, மத்தவங்க படலத்தில் கலக்கும்.

மீனா_கொழிஞ்சாம்பாறை:

தெளிவாகிவிட்டது. ஒரே ஒரு சந்தேகம். மொபிலிட்டி (எலக்ட்ரான்கள் எவ்வளவு எளிதாக நகர்கின்றன என்ற எண்) எழுதும்போது ஆனோடைஸ் ஆக்சைடின் கொள்ளளவைக் கணக்கிட்ட எண்ணாகப் போடலாமா?

ரபீக்_சித்தூர்:

வேண்டாம், அளந்து போடுங்கள். அதே தகட்டில் டைசல்பைடு இல்லாத இடத்தில் தெரிந்த பரப்புள்ள தங்கப் பேட் வைத்து, 1 கிலோஹெர்ட்சில் எல்.சி.ஆர். மீட்டரில் (கொள்ளளவை அளக்கும் கருவி) பாருங்கள். இந்தத் தவறு பெரிய இடத்திலும் நடந்தது. 2011-இல் ஒற்றை அடுக்கு டைசல்பைடு டிரான்சிஸ்டருக்கு மேல்-கேட் இருந்தபோது, கீழ்-கேட்டின் கொள்ளளவைக் குறைத்து எடுத்துக்கொண்டதால் மொபிலிட்டி மிகையாக வந்தது. 2013-இல் அந்தக் கட்டுரை வெளியான இதழிலேயே அதைச் சுட்டிக்காட்டினார்கள். மீட்டரின் சிக்னல் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கட்டும், மழை மின்னலோடு மின்சாரம் போய்த் திரும்பும் நேரத்தில் புரோப் முனைகளைத் தூக்கி வைத்துவிடுங்கள். 10 நானோமீட்டர் ஆக்சைடு ஒரு சர்ஜுக்குத் தாங்காது.

ஜோதி_நெம்மாறை:

மீனா, அடுத்த கட்டத்துக்கு லித்தோகிராஃபியும் ஏ.எல்.டி.-யும் வேண்டும் என்றால் இந்தியன் நானோஎலக்ட்ரானிக்ஸ் யூசர்ஸ் புரோகிராமில் விண்ணப்பியுங்கள். பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி., ஐ.ஐ.டி. பம்பாயில் தொடங்கியது, இப்போது ஐ.ஐ.டி. மெட்ராஸும் அதில் உண்டு. வெளிக் கல்லூரி ஆய்வாளர்களுக்காகவே இருக்கும் திட்டம். இப்போது எடுத்த மூன்று வளைவுகளையும், காற்று, நைட்ரஜன், 90 டிகிரி என்று பெயரிட்டு, ஸ்வீப் வேகத்தோடு விண்ணப்பத்தில் இணையுங்கள். சில்லை ரயிலில் கொண்டுபோவதானால் சிலிக்கா ஜெல்லோடு வெற்றிட உறையில் ஒட்டி, ஏ.சி. பெட்டியிலிருந்து இறங்கியதும் திறக்காதீர்கள்.